முப்பத்திரண்டு அங்குல மேடை

பாக்கார் ஆராங், சுங்கைப் பட்டாணி
2 மார்ச் 2024

அன்புள்ள பிரேமாவதி அக்காவுக்கு,

உன் உடம்பைப் பற்றிக் கேட்பதற்கு முன் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். பிறகு தைரியம் வராது. போன சனிக்கிழமை, முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுப் புதுமனை விருந்தில், குசினிக் கேபினெட்டுக்குள் தலை மாட்டி, மண்டியிட்ட நிலையில் பத்து நிமிடம் இருந்தேன். சட்டைப் பையில் அளவு நாடா வேறு.

எங்கள் தாமான் குடியிருப்பில் ஏழாவது வரிசை. வசந்தன், வாணி என்று ஓர் இளம் தம்பதி. வாசலில் வாழை கட்டியிருந்தது, போனேன். கூட்டத்தில் யார் அழைப்பிதழ் கேட்கிறார்கள்? அந்தக் குசினியின் மூலையில் ஒரு சுழல் தட்டு. கதவைத் திறந்தால் சட்டி பானையெல்லாம் சாமி ஊர்வலம் போல் வெளியே வந்து காட்சி கொடுத்துவிட்டு உள்ளே போகிறது. எங்கே போகிறது என்று பார்க்கத் தலையை நீட்டினேன். ஊர்வலம் திரும்பி வந்துவிட்டது.

"யாருங்க இது, உங்க மாமாவா?"

"எங்க பக்கம் இல்ல லா. உங்க பக்கம்னு நெனச்சேன்."

என் பின்பக்கத்தை மட்டும் வைத்து ஆளைக் கண்டுபிடிக்க நாலு பேர் முயன்றார்கள். வாணிதான் தட்டைக் கழற்றி என்னை வெளியே எடுத்தாள். எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி: "அங்கிள், பசியாறிட்டீங்களா?" அந்தப் பிள்ளை நன்றாக இருக்கவேண்டும்.

விஷயம் இதுதான். நம் குசினியை இடித்துக் கட்டப்போகிறேன். என் வீட்டுக்காரி நளினி கேட்டுக் கேட்டு ஓய்ந்தது; நான் 'அடுத்த வருஷம்' என்று சொல்லிச் சொல்லித் தள்ளியது. மகள் ரூபினியின் பிரசவத்துக்கு, நாற்பத்து நாலு நாள் பத்தியம் முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லி நளினி ஷா ஆலம் போனாள். பேரன் கவினுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது, அந்த நாற்பத்து நாலு இன்னும் முடியவில்லை. குசினி தயாரானால் வருவாள். அவள் கையால் புது அடுப்பில் பால் காய்ச்சட்டும்.

ஒரு சின்னச் சந்தேகம். நளினி என்ன உயரம்? குத்தகையாளர் பரஞ்சோதி, சமைக்கிறவரின் முழங்கை உயரம் தெரிந்தால்தான் மேடை கட்டுவாராம். கண்ணாடி முன் நின்று என் தோளில், மார்பில் என்று கையை வைத்து வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு மனைவி வருகிறாள். கிள்ளானிலிருந்து உனக்கு அவள் வீடு அரைமணி நேரம். எப்படியாவது அளந்து எழுது. அவளிடம் மூச்சு விடாதே. வாட்ஸப் வேண்டாம், குடும்பக் குழுவை ரூபினி பார்க்கிறாள், மகள் பார்த்தால் ஆத்தாள் பார்த்த மாதிரி. போனும் வேண்டாம், என் குரலை வைத்தே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவாய்.

உன் சர்க்கரை இறங்கியதா? என் முழங்கால் தவிர மற்ற பாகங்கள் சுகம்.

தலை தப்பிய தம்பி,
காளிதாசன்

•

கிள்ளான்
17 மார்ச் 2024, ஞாயிறு

அன்புத் தம்பி காளிக்கு ஆசிகள்.

கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. இன்றைக்குத்தான் படிக்க முடிந்தது. சர்க்கரை பரவாயில்லை, மருமகளும் பரவாயில்லை. கேபினெட்டில் தலை மாட்டிய இடத்தில் இங்கே சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

நீ கேட்ட அளவு: தரையிலிருந்து முழங்கை வரை முப்பத்தாறு அங்குலம். செருப்பில்லாமல், சுவரோடு நிற்க வைத்து அளந்தது. எப்படி அளந்தாய் என்று கேட்காதே. சொல்லாதே என்றாய், நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆனாலும் கேட்கிறேன். முப்பத்து மூன்று வருஷம் கூட இருந்தவளின் உயரத்தை, இன்னொரு மாநிலத்துக்குக் கடிதம் போட்டா விசாரிப்பார்கள்?

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
பிரேமாவதி

•

பாக்கார் ஆராங்
14 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சித்திரைப் புத்தாண்டு வாழ்த்து. உன் வீட்டில் வடை பாயசம் இருக்கும். என் வீட்டில் பின்சுவரே இல்லை. பரஞ்சோதியின் ஆட்கள் அதை இடித்துவிட்டு நோன்புப் பெருநாளுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். அந்த இடத்தில் இப்போது ஒரு நீலத் தார்ப்பாய் படபடக்கிறது. பக்கத்து வீட்டுப் பூனை என் வீட்டில் குடும்பம் நடத்துகிறது. என்னைத்தான் 'நீ யார்?' என்று பார்க்கிறது.

அளவுக்கு நன்றி. முழங்கையிலிருந்து நாலு அங்குலம் கழித்தால் மேடை முப்பத்திரண்டு. பரஞ்சோதி மூன்று முறை கேட்டார்.

"அண்ணே, எல்லாரும் முப்பத்தஞ்சு வெக்கிறாங்க. இது பாலர்பள்ளிக்குக் கட்டுற மாதிரி இருக்கு."

"கட்டுங்க."

"உங்க உயரத்துக்கு முதுகு போயிடும்ணே."

"நான் எதுக்கு அங்க நிக்கப்போறேன்?"

அடுத்து இன்னொரு ஞானம் கொடுத்தார். இப்போது எல்லார் வீட்டிலும் இரண்டு குசினியாம். பின்னால் 'வெட்', முன்னால் 'டிரை'. பின்னால் தாளிப்பு, மீன், புகை எல்லாம்.

"முன்னால உள்ளதுல என்ன செய்வாங்க?"

"ஒண்ணும் செய்யமாட்டாங்கண்ணே. பார்ப்பாங்க."

பார்ப்பதற்கு ஹாலில் டிவி இருக்கிறதே என்றேன். இருந்தாலும் இரண்டும் கட்டச் சொல்லிவிட்டேன். கல் என்ன நிறம், அண்ணியிடம் கேட்டீர்களா என்றார். கேட்டால் அப்புறம் சர்ப்ரைஸ் எங்கே? பச்சை என்று சொல்லியிருக்கிறேன். நளினிக்குப் பச்சை என்றால் உயிர். பீரோவில் விட்டுப் போன சேலை எல்லாம் பச்சை.

சாப்பாடு மூன்று வேளையும் அய்யாவு கடையில். அவன் நேற்று, "அண்ணே, வீட்ட உடைச்சது குசினிக்கா, இல்ல எனக்கு வியாபாரம் பெருகவா?" என்றான். எனக்கு இருக்கிற அளவுக்கு வாய் அவனுக்கும் இருக்கிறது.

நளினி எப்படி இருக்கிறாள்? இளைத்தாளா? சும்மாதான் கேட்கிறேன்.

தூசிக்குள்ளிருந்து,
காளி

•

கிள்ளான்
28 ஏப்ரல் 2024, ஞாயிறு

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் தார்ப்பாய் பிய்ந்துபோவதற்குள் சுவர் எழும்பியிருக்கும் என்று நம்புகிறேன்.

நளினி இளைக்கவில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கவினைப் பாலர்பள்ளியில் சேர்க்கும் நாளுக்காக இப்போதே வழி பழகுகிறாள். சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் தாளம் போடுகிறாள். அவளுக்குப் பாட்டு வரும் என்று உனக்குத் தெரியுமா?

பச்சைச் சேலைகள் நம் அம்மா வருஷா வருஷம் எடுத்துக் கொடுத்தவை. யாருக்கு உயிர் என்று நீயே யோசி. அவளுக்குப் பிடித்த நிறத்தை நான் எழுதமாட்டேன். அவளிடம் கேள். அவள் போன் எண் மாறவில்லை.

முழங்காலுக்கு நல்லெண்ணெய் தடவு.

பிரேமாவதி

•

பாக்கார் ஆராங்
29 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதம் எழுதவில்லை, கோபிக்காதே. நல்லெண்ணெய் தடவினேன், முழங்கால் அப்படியே இருக்கிறது, சோபாதான் பளபளக்கிறது. உன் காலில் நீர் கோத்துக்கொள்வதாக ரூபினி சொன்னாள். தூக்கி வைத்து உட்கார்.

குசினி முடிந்துவிட்டது! ஆறு படம் வைத்திருக்கிறேன். கல்லைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றிவிட்டேன். எந்தக் கட்சியிலும் சேராத நிறம். இழுப்பறையை நீ அறைந்து சாத்தினாலும் அது பெரிய மனுஷி போல மெல்ல மூடிக்கொள்கிறது. மூலையில் சுழல் தட்டு. இந்த முறை என் தலை வெளியே.

வாணி ஒரு ஃபேஸ்புக் குழு நடத்துகிறாள். கெடா வட்டாரத்து வீட்டுக்காரர்கள் அவரவர் குசினியைப் படம் பிடித்துப் போட்டுப் பாராட்டிக்கொள்கிறார்கள். மெர்போக்கில் ஒருவர் குழாய் மாற்றினால் சுங்கை லாலாங்கில் நூறு பேர் இதயம் போடுகிறார்கள். என் குசினிக்கு ஆயிரத்து இருநூறு இதயம், அக்கா! ஐம்பத்தேழு வருஷத்தில் என்னை இத்தனை பேர் விரும்பியதில்லை. படம் போதவில்லை என்று போன வாரம் ஒன்பது பேர் நேரிலேயே வந்துவிட்டார்கள். மெர்போக் ஜெயமலர் டீச்சர்தான் தலைவி, வாணியும் கூட வந்தாள்.

"மேடை ஏன் சார் இவ்ளோ கீழ?"

"என் மனைவி உயரத்துக்கு."

"ஐயோ! பாருங்கடி, இதான் புருஷன். எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே! ஆன்ட்டி எங்க சார்?"

"பாசாருக்குப் போயிருக்கா."

சந்தைக்கு என்று வாயில் வந்துவிட்டது. உடனே டீச்சர், "அப்ப பார்த்துட்டே போறோம்" என்று உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணி நேரம்! அந்த நேரத்தில் கோஸ் வாங்கக் கேமரன் மலைக்கே பாதி வழி போயிருக்கலாம். ஒருத்தி ஐஸ்பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு பாட்டில் தண்ணீரும் என் கண் சொட்டு மருந்தும். இன்னொருத்தி, "அடுப்புல ஒரு கறை இல்லையே!" என்றாள். அவள் அவ்வளவு சுத்தம் என்றேன். கடைசியில் தேநீர் கேட்டுவிடுவார்களோ என்று நானே எல்லோரையும் அய்யாவு கடைக்கு அழைத்துப்போனேன்.

அடுப்பை நான் தொடவில்லை. வீட்டுக்காரி பால் காய்ச்சாமல் எப்படி? பின்வாசல் படியில் பழைய ஒற்றை அடுப்பை வைத்து வெந்நீர் போடுகிறேன். அவர்கள் போன பிறகு எல்லா விளக்கையும் எரியவிட்டேன். கேபினெட்டுக்கு அடியில்கூட விளக்கு இருக்கிறது. குசினி நகைக்கடை மாதிரி ஜொலித்தது. வாங்க ஆள் இல்லாத நகைக்கடை.

தீபாவளிக்கு அவளை எப்படியாவது அனுப்பிவை. குசினி என்று சொல்லாதே. வேறு ஏதாவது காரணம் சொல்லு. எனக்கு உடம்பு சரியில்லை என்றுகூடச் சொல்லலாம். சாகிற அளவுக்கு வேண்டாம்.

எதிர்பார்ப்புடன்,
காளி

•

கிள்ளான்
14 ஜூலை 2024, ஞாயிறு

தம்பிக்கு,

படங்களைப் பார்த்தாகிவிட்டது. அழகாக இருக்கிறது. பொய் சொல்லவில்லை. என் கால் வீக்கம் வடிந்துவிட்டது.

நீ எழுதாமல் விடுவதை நான் எழுதிவிடுகிறேன். உன் விருப்ப ஓய்வு விருந்து நினைவிருக்கிறதா? நானும் வந்திருந்தேன். உன் கையுறைத் தொழிற்சாலை ஆட்கள் நாற்பது பேர். நளினி பரிமாறி முடித்து ஹாலுக்கு வந்து, "நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள். எல்லோரும் திரும்பினார்கள். நீ உடனே, "சாம்பார்ல உப்பு இல்லன்னு இவளே ஒத்துக்கிறா, கேளுங்க" என்றாய். நாற்பது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அவளும் சிரித்துவிட்டு உள்ளே போனாள். அடுத்த மாதம் பிரசவம் பார்க்கக் கிளம்பினாள்.

"அந்த வீட்டுல நான் ஒரு வாக்கியத்த முழுசா முடிச்சதில்ல அண்ணி." இது என்னிடம் சொன்னது. அவள் கேட்டது குசினியா என்று எனக்குத் தெரியவில்லை.

உனக்கு உடம்பு சரியில்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். அவளுக்கு நீயே எழுது.

பிரேமாவதி

•

பாக்கார் ஆராங்
8 செப்டம்பர் 2024

அக்காவுக்கு,

சுகம். நீயும் சுகம்தானே?

எட்டு வாரம் எனக்கு வாய் வரவில்லை. தொழிற்சாலையில் யாராவது கேட்டிருந்தால் மேள தாளத்தோடு கொண்டாடியிருப்பார்கள்.

முதலில் உன் மேல் கோபம். சாம்பாரில் உண்மையிலேயே உப்பு இல்லை என்று எழுத உட்கார்ந்தேன். பிறகு யோசித்தேன், அன்றைக்கு சாம்பாரே இல்லை. பிரியாணி.

நளினிக்கு எழுதிப் பார்த்தேன். ஐந்து தாள். முதல் தாள் 'மகாராணிக்கு' என்று ஆரம்பித்தது, கிழித்தேன். இரண்டாவதில் பூனை வந்துவிட்டது. மூன்றாவதில் ஜெயமலர் டீச்சர். நாலாவதில் 'அன்புள்ள நளினி' வரை வந்தது, அடுத்த வரி என்ன என்று மூன்று நாள் பார்த்தேன். ஐந்தாவதில் என் கையெழுத்து மட்டும்தான். உனக்கு என்றால் ஓடுகிறது. அவளுக்கு என்றால், கடைக்குள் போய் எதற்கு வந்தோம் என்று மறந்து நிற்பவன் மாதிரி ஆகிவிடுகிறேன்.

அவள் அன்று என்ன சொல்ல வந்தாள்? உனக்குத் தெரிந்தால் எழுது.

காளி

•

கிள்ளான்
22 செப்டம்பர் 2024, ஞாயிறு

அன்புத் தம்பிக்கு,

நலமே. ஐந்து தாளையும் கிழிக்காமல் அனுப்பியிருக்கலாம்.

அவள் சொல்ல வந்ததை அவள்தான் சொல்லவேண்டும். தீபாவளிக்கு அவளை வா என்றோ போகாதே என்றோ நான் சொல்லப்போவதில்லை. ரூபினி உன்னை ஷா ஆலத்துக்குக் கூப்பிடுவாள். வீம்பு பிடிக்காமல் போ.

மழைக்காலம். தலையை நனைக்காதே.

பிரேமாவதி

•

பாக்கார் ஆராங்
3 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் பிள்ளைகளுக்கும் தீபாவளி நன்றாகப் போயிருக்கும். தலையை நனைக்கவில்லை, எண்ணெய் தேய்த்துக் குளித்ததைத் தவிர.

ரூபினி கூப்பிட்டாள். "அப்பா, வாங்கப்பா. கவின் உங்கள கேக்கிறான்." வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள் என்றேன். "அம்மா வராங்களான்னு பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கீங்களா?" என்றாள். நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

தீபாவளி காலையில் புது வேட்டி கட்டிக்கொண்டு, பால், சட்டி, சர்க்கரை, குங்குமம் எல்லாம் மேடையில் எடுத்து வைத்தேன். வாசலில் கார் சத்தம் கேட்டால் எழுந்து போவேன். எதிர்வீட்டுக்கு ஏழு காடி வந்தது. எல்லாருக்கும் நானே கையாட்டினேன். அவர்கள் என்னை வாசல் காவலுக்கு வைத்த ஆள் என்று நினைத்திருப்பார்கள். அய்யாவு கடை பூட்டு. நண்பகல் வரை ஒன்றும் சாப்பிடவில்லை.

பிறகு வாணியும் வசந்தனும் உறவுக்காரர் நாலைந்து பேரோடு முறுக்கு டின் எடுத்து வந்தார்கள். அவர்களை ஹாலில் உட்கார வைத்துவிட்டு நான் குசினிக்குப் போனேன். வாணி பின்னால் வந்தாள்.

"அங்கிள், இது பால் காய்ச்சவா? ஆன்ட்டி வரட்டும்."

"ஆன்ட்டி வரமாட்டா, வாணி. அவ பாசாருக்குப் போகல. போய் ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு."

சொல்லிவிட்டு அடுத்து ஏதாவது சேர்க்கப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அவள் ஹாலுக்குப் போய்விட்டாள்.

அடுப்பை நானே பற்றவைத்தேன். பரஞ்சோதி சொன்னது சரி; ஐந்து நிமிடத்தில் முதுகு போய்விட்டது. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் நின்றால் கண் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரம் வந்தது. அங்கிருந்து ஹால் தெரியவில்லை, அக்கா. சுவர்தான் தெரிகிறது. ஹாலில் வசந்தன் ஏதோ சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள். அடுப்புக்கு முன்னால் சிரிப்பு மட்டும்தான் வந்து சேருகிறது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது காதில் விழவில்லை. என்னைப் பற்றித்தானோ என்று தோன்றியது. மறுபடி சிரித்தார்கள். காதைக் கொடுத்துக்கொண்டே இருந்ததில் பால் பொங்கி வழிந்து அடுப்பு முழுக்கத் தீய்ந்துவிட்டது.

பழைய குசினியிலும் இதே இடத்தில்தான் அடுப்பு இருந்தது. நான் ஹாலில் சொன்ன எத்தனை கதைக்கு அவள் இங்கே நின்றிருப்பாள். அவள் உயரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாமல் போனதற்கு வேறு காரணம் இல்லை. முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு நாளும் நான் இங்கே வந்து பக்கத்தில் நின்றதில்லை.

அன்று அவள் என்ன சொல்ல வந்தாள் என்று உன்னிடம் கேட்டது தப்பு. அவளிடம் கேட்கவேண்டும். கேட்டால் முடியும்வரை சும்மா இருப்பேன். இருப்பேனா என்று பயமாகத்தான் இருக்கிறது.

அடுப்பில் கறை போகவில்லை. உப்பு போட்டுத் தேய்க்கவா, எலுமிச்சையா?

உன் தம்பி,
காளிதாசன்

•

கிள்ளான்
8 நவம்பர் 2024, வெள்ளி

அன்புத் தம்பி காளிக்கு,

இங்கே சுகம். கடிதம் நேற்றுப் பகல் வந்தது. இந்த முறை ஞாயிறு வரை வைத்திருக்க மனம் வரவில்லை; நேற்று மாலையே படித்தாகிவிட்டது. நீ முக்காலியில் உட்கார்ந்த இடத்தில் படிப்பு கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஆரம்பத்திலிருந்து இன்னொரு முறை.

கறைக்கு உப்பு வேண்டாம், கீறிவிடும். சோடாமாவைக் குழைத்துத் தடவி ஒரு மணி நேரம் ஊறவிடு. முழுவதும் போகாது. போகாவிட்டால் என்ன, அடுப்பு என்றால் கறை இருக்கும்.

அந்த அடுப்புக்கு முன்னால் இரண்டு பேர் சேர்ந்து நிற்க இடம் இருக்கிறதா? அளந்து எழுது. அங்குலத்தில் எழுது.

கதவைப் பூட்டிக்கொண்டு தூங்கு. பூனைக்கும் ஏதாவது போடு.

உன் அக்கா,
பிரேமாவதி

பி.கு. சொல்லாதே என்றாய், கடைசி வரை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் தம்பி, உன் கோழிக் கிறுக்கலை எனக்கு எந்தக் காலத்திலும் படிக்க வந்ததில்லை. மார்ச் மாதத்திலிருந்து ஒவ்வொரு கடிதத்தையும் எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவது நளினிதான்.